பாண்டிருப்பு வீடும் ஆகிலா லோயரும்

கடல் அடித்துக்கொண்டுபோன வீடு யாருடையது என்று எப்படி நிரூபிப்பது? சுனாமிக்குப் பிறகு ஊர் முழுக்கக் கேட்ட இந்தக் கேள்விக்கு, அப்போது சின்னப் பிள்ளையாயிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை.

கல்முனைக்குப் பக்கத்தில் எங்கள் முஸ்லிம் ஊரில் வழக்கறிஞராகிக் கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் பெண் ஆகிலா. அவரைத் தேடி வருகிற ஆண்கள் அவரிடமே, லோயர் எப்போது வருவார் என்று கேட்பார்கள். இறக்காமத்து அபூசாலி ஒரு காலை முழுக்கக் காத்திருந்து, அவர் கையால் பிளேன்டீ வாங்கிக் குடித்து, சீனி குறைவு என்றும் சொல்லிவிட்டுப் போனார். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று பரீட்சையில் எழுதியவர் ஆகிலா. சட்டத்தின் முன்னால் போய்ச் சேருவதற்குள் எத்தனை பேர் வழிமறிப்பார்கள் என்பது அந்தப் பாடத்தில் இருக்கவில்லை.

ஒருநாள் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து கேதீஸ்வரி வந்தார். தாய் சீதனமாகக் கொடுத்த அவருடைய வீடும் அதன் உறுதிப் பத்திரமும் கடலோடு போய்விட்டன. அரசாங்கம் கட்டித்தரப்போகும் புது வீட்டை, குடும்பத் தலைவர் என்று கணவர் நல்லரெத்தினத்தின் பெயரில் பதியப்போகிறார்களாம். கேதீஸ்வரிக்கு இரண்டு மகள்கள். வீடு கைவிட்டுப் போனால் அவர்களுக்கு எழுதிக்கொடுக்க எதுவுமில்லை.

ஆகிலா பொறுப்பெடுத்ததும் இரண்டு பக்கமும் முணுமுணுப்பு. நம்மட சனத்துக்குள் ஒரு லோயர் இல்லையா என்று பாண்டிருப்பில் கேட்டார்கள். இங்கே, ஆகிலாவின் மாமா ஷரிபுதீன் நேரிலேயே வந்துவிட்டார்.

"தமிழாக்கள்ட பிரச்சினைய அவங்க பாக்கட்டும். உனக்கென்னத்துக்கு புள்ள?"

"நீங்க இருக்கிற வீடு ஆருட பேர்ல மாமா?"

அது மாமி அஸீஸாவின் சீதன வீடு. இரண்டு ஊரிலும் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியேறுவது.

"இண்டைக்குக் கேதீஸ்வரிட வீட்ட எடுக்கிற கடுதாசி நாளைக்கு மாமிட்டயும் வரும். அது இனம் பாக்காது."

விசாரணைக்கு வந்த அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர். ஆகிலாவைப் பார்த்து, நீங்கள் யாருடைய மனைவி என்று கேட்டார். பிறகு உறுதி கேட்டார். உறுதி இல்லை, சாட்சிக்குக் கணவர் இருக்கிறார் என்றார் ஆகிலா. தலைவர் என்று கடிதம் வந்த நாளிலிருந்து நல்லரெத்தினம் அகதி முகாமில் பாயில் உட்காருவதை விட்டிருந்தார், கதிரைதான். அன்றும் நல்ல கதிரையாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"அண்ணன், மனிசியோட கோவிச்சா எங்க போவீங்க?"

"எங்கட அம்மாட வீட்ட."

எத்தனை தரம் என்று ஆகிலா கேட்டதற்கு அவர் விரல் மடித்துப் பார்த்தார். சுனாமிக்கு முந்திய வருடம் மட்டும் ஏழு.

"அவ ஒருநாளாவது கோவிச்சு வெளிய போனவவா?"

இவ்வளவு படித்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நல்லரெத்தினம் இரக்கத்தோடு பார்த்தார்.

"அவ ஏன் தங்கச்சி போற? அது அவட வீடெல்லோ."

அதை அப்படியே எழுதுமாறு ஆகிலா கேட்டார். அதிகாரி நம்பாமல், பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த தன் லிகிதரைப் பார்த்தார். அவர் இந்தப் பகுதி ஆள். தானும் நேற்றுத்தான் உம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்ததாகத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அதிகாரி ஒரு பெயரை வெட்டி இன்னொரு பெயரை எழுதினார்.

உறுதி கேதீஸ்வரியின் கைக்கு வந்தது யுத்தம் முடிந்த வருடத்தில். மாமா அவ்வளவு காலம் பொறுக்கவில்லை. விசாரணை முடிந்த மறுகிழமையே, மாமியின் வீட்டுக் கடதாசிகளோடு மாமியையும் கூட்டிக்கொண்டு வந்து, ஆகிலாவின் வாசலில் வரிசையில் நின்றார்.

வீட்டுப் படிவங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்கள் அக்காவோ ராத்தாவோ ஒன்றில் கையெழுத்து வைக்கப்போகிறார் என்றால், பேனையைக் கொடுக்குமுன் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.