யூதாஸின் பாதம்

டாக்குரியா ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சிறிய தேவாலயம். உள்ளே சுவரோவியத்தில் இயேசு மண்டியிட்டுச் சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். ஓரத்தில் இருப்பவன் யூதாஸ். அவனுடைய பாதம் மட்டுமே கைக்கு எட்டுகிறது. வருகிறவர்கள் அதைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார்கள். வண்ணம் தேய்ந்து சுண்ணாம்பு தெரிகிறது.

ஓவியத்தை வரைந்த மாலதி, லேக் கார்டன்ஸ் பகுதித் தமிழ்ப் பெண், அந்தப் பாதத்துக்கு மறுபடி வண்ணம் பூசுகிறார். துரோகியின் காலை யாரும் வணங்கக் கூடாதென்று, யூதாஸின் முகத்தைப் பேதுருவின் முகமாக மாற்றச் சொல்கிறார் பாதிரியார். மறுத்தால் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவாராம்.

"மாத்திடலாமே?" என்கிறேன், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான்.

"எப்படிண்ணா? காட்டிக்கொடுப்பான்னு தெரிஞ்சேதானே அவன் காலையும் கழுவினார்? அவன் இல்லேன்னா இது வெறும் குளியலறைப் படம்."

பாதிரியார் கதவருகே நிற்கிறார். மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு ஒரு பெண் உள்ளே வருகிறாள்.

"மாஷி, ஈரம்!" என்று மாலதி அவளைச் சித்தியென விளித்து வங்க மொழியில் கத்துவதற்குள் அவள் பாதத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துவிட்டாள். பாதிரியார் கைக்குட்டையை நீட்டுகிறார். அவள் வேண்டாமென்று தலையசைத்து, நெற்றியில் செம்மண் நிறக் கறையோடு வெளியேறுகிறாள்.

பாதிரியார் கைக்குட்டையை மடித்துப் பையில் வைக்கிறார். சுவரை நெருங்கிக் குனிந்து பார்க்கிறார்.

"பெருவிரல் கலைந்துவிட்டது, சரிசெய்" என்கிறார் மாலதியிடம்.