எச்சிலுக்குக் காவல் இருந்தவன்

வெள்ளைப் பனியனில் ஒரு துளி எச்சில்கூடப் படாமல் பார்த்துக்கொள்வதே என் உத்தியோகமாக இருந்தது. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவுக்கு நான் பொறுப்பாளன். ஊசியில் நூல் கோக்கும் அவசரத்தில் டெய்லர்கள் நூல்முனையை நாவில் நனைப்பார்கள். பிசிறைப் பல்லால் கடித்து அறுப்பார்கள். வெற்றிலைக் காவி ஏறிய உருப்படி தள்ளுபடியாகிவிடும். ஆகவே நாள்தோறும் காலையில் மேசைமீது கை ஊன்றி, "எச்சில் என்பது வாய்க்குள் இருக்கும்வரைதான் கௌரவமானது" என்று சிற்றுரை நிகழ்த்துவேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இப்படியொரு வாக்கியம் அமைந்துவிட்டதில் எனக்கிருந்த பெருமிதம் கொஞ்சநஞ்சமன்று.

வயதானதும் ஓய்வு பெற்றேன். மகள் தையல் வேலைக்குப் போக, அவளுடைய மூன்று வயதுக் குழந்தை என் பொறுப்புக்கு வந்தாள். பாலின் சூடறிய நான் ஒரு வாய் பருகிய பின்னரே தம்ளரை அவளிடம் தருவேன். கடலை மிட்டாயை என் கடைவாயில் நொறுக்கிப் பதமாக்கி ஊட்டுவேன். இதைப் பாசத்தின் உச்சம் என்று கருதியிருந்தேன்.

பேத்தியின் முன்பற்கள் பழுப்பேறி, பின்பு கறுத்தன. பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று நானே தீர்ப்பு வழங்கினேன். ஒரு நாள் அவள் கன்னம் வீங்கிவிட்டது. சோற்றை வாயில் வைத்ததும் அலறினாள்.

பல் மருத்துவர் என் மகளின் வயதுடைய பெண். அவர் வாய் திறக்குமுன், சாயப்பட்டறைகளால் கெட்டுப்போன நிலத்தடி நீர் குறித்து விரிவாக எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"புள்ளைக்குச் சோறு யாருங்க ஊட்டறது?"

"நானேதானுங்க." என் முறைகளையும் பெருமையோடு விளக்கினேன்.

"நீங்க கொஞ்சம் வாயத் தொறங்க."

விளக்கைப் பிடித்துப் பார்த்தவர், என் கடைவாயிலும் பிடுங்க வேண்டிய சொத்தை ஒன்று இருப்பதைக் கண்ணாடியில் காட்டினார்.

"சொத்தையாக்கற கிருமி பொறக்கறப்பவே புள்ளைக வாயில இருக்கறதில்லீங்க. கூட இருக்கற பெரியவங்க எச்சில்லதான் பெரும்பாலும் போய்ச் சேருது. அதுக்கு மேல இனிப்பும் குடுத்தா, கிருமி அதத் தின்னுபோட்டுப் பல்ல அரிச்சுருமுங்க."

உடன் வந்திருந்த மகள் என்னைப் பார்த்தாள், கண்கள் நிறைந்திருந்தன. "ஏனுங்கப்பா, எச்சில் பட்ட பனியனையெல்லாம் ரிஜெக்ட் பண்ணி வீசுவீங்களே. என்ற புள்ள வாய மட்டும் செக்கிங் பண்ணாம உட்டுட்டீங்களே!"

மருத்துவரின் மேசைமீது ஊன்றியிருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

வலியெடுத்த பல்லைப் பிடுங்க வேண்டும் என்றார் மருத்துவர். பேத்தியோ உதட்டை இறுக மூடிக்கொண்டாள். கெஞ்சினோம், மிரட்டினோம். கடைசியில், தாத்தாவான என்னைச் சுட்டி, "அப்புச்சி மொதல்ல" என்றாள். எதையும் நான் முதலில் சுவைத்துத் தரப் பழகியவள். அந்த நாற்காலியையும் நானே சுவைத்துத் தர வேண்டும் என்று எதிர்பார்த்ததில் அவள் பிழை ஒன்றுமில்லை.

ஏறி அமர்ந்தேன். ஊசியைக் கண்டதும் கண்ணை மூடி மருத்துவரின் மேலங்கியைப் பற்றிக்கொண்டேன்.

"அப்புச்சி, அழுவாதீங்க" என்றது ஒரு குரல்.

தட்டில் விழுந்த என் சொத்தைப் பல்லை எட்டிப் பார்த்துவிட்டு, அவள் தானாகவே நாற்காலியில் ஏறி வாயைத் திறந்தாள்.

அன்று மாலை, ஆறிய பாலை இரண்டு தம்ளர்களில் ஊற்றினேன். பழக்கத்தில் அவளுடையதை என் உதட்டருகே கொண்டுபோய்விட்டேன். வீங்கிய கன்னத்தோடு அதைப் பிடுங்கிக்கொண்டு, என் தம்ளரை விரலால் சுட்டிக் காட்டினாள். செக்கிங் பிரிவில் அத்தனை கண்டிப்பான ஒருவரை நான் அதற்குமுன் கண்டதில்லை.