வெர்லின் லாண்டிஸின் டப்பா வண்டி

எங்கள் ஊரில் புதிதாக அறிமுகமாகும் யாரிடமும் முதலில் கேட்பது, "நீ எந்தக் கம்பெனியில இருந்த?" என்பதுதான். வடக்கு இந்தியானாவின் இந்த மாவட்டத்தில், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர் வீடுகளுக்குக் கூரையோ கதவோ மாட்டாத ஆள் அபூர்வம். வெர்லின் லாண்டிஸ் அந்த அபூர்வம். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். டோனட் கடையின் காலை மேசையில் அதனால் அவர் பேச்சு எடுபடாது.

"வண்டி செஞ்சவங்க பேசற எடத்துல டிரைவருக்கு என்னய்யா வேலை? காப்பியக் குடி" என்பார் ஹாரி பெக். அவர் ஒரு காலத்தில் ஃபோர்மேன். இன்னும் அப்படித்தான் உட்காருவார்.

ஓய்வு பெற்ற அடுத்த வசந்தத்தில் வெர்லின் ஒரு பண்ணையிலிருந்து பழைய டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கி வந்தார். பதினான்கடி நீளம். பக்கவாட்டில் பார்த்தால் பன்றிக்கறி டப்பாவைப் படுக்கவைத்தது போலிருக்கும். கடைசி இருபது வருடமாக அதில் கோழிகள் குடியிருந்தன.

கழுவித் துடைத்த பிறகு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு வந்தார். ஐஸ்பெட்டி, கேஸ் விளக்கு, படுக்கையாக மடியும் மேசை என்று நாற்பத்தொரு அம்சங்களைக் குறித்திருந்தார். பழைய விளம்பரங்களைப் புரட்டிக் கம்பெனியைக் கண்டுபிடித்தோம். வருடம்தான் பிடிபடவில்லை. எண் தகட்டைக் கோழி எச்சம் தின்றிருந்தது.

வருடம் தெரிந்தாக வேண்டும். கோடையில் பழைய டிரெய்லர்களின் கூடுகை ஒன்று நடக்கும். மூன்று நாளும் எல்லோரும் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். யாரும் யார் வண்டிக்குள்ளும் ஏறிப் பார்க்கலாம். வாசலில் அட்டை வைத்து அதன் கதையை எழுத வேண்டும். ஹாரியின் மேசை மொத்தமும் அங்கே போகும். தன் வண்டி வாசலில் நின்று அவர்களுக்கு விளக்கம் சொல்வதுதான் வெர்லினின் கனவு. ஆனால் 1960 வரை செய்த வண்டிகளுக்கு மட்டுமே இடம். இவருடைய பத்திரத்தில் 1961.

"அது ரெண்டாவதா வாங்கினவர் பதிஞ்ச வருஷம் மேடம். செஞ்ச வருஷம் இல்ல" என்று போனில் கெஞ்சினார்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அத்தாட்சி அனுப்புங்க" என்றார் கூடுகையின் பதிவாளர் லெனோர்.

வருடத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று வெர்லின் டோனட் கடையில் விசாரித்தார். சுவர்ப் பலகையை அடிப்பதற்கு முன் உட்புறம் பென்சிலால் பேரும் தேதியும் எழுதுவது வழக்கம் என்று மேசையே சொன்னது.

"என் லைன்ல அதெல்லாம் நடக்காது" என்றார் ஹாரி. "நான் விட்டதே இல்ல."

ஐம்பது வருடமாக யாரும் தொடாத பலகையைக் கழற்ற வெர்லினுக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றினார். எட்டாம் நாள் கேமராவோடு நூலகத்துக்குள் ஓடி வந்தார்.

"பொண்ணே, படி. ஆனா சத்தமா படிக்காத."

ஐஸ்பெட்டிக்குப் பக்கத்துப் பலகையின் பின்புறம், அழகான கையெழுத்தில்: 'மார்ச் 14, 1957. வியாழன். வெளியே பனி. ஹாரி பெக் ஒரு கழுதை. — ஆர்டிஸ்.'

எங்கள் ஊரில் ஒரே ஒரு ஆர்டிஸ்தான். ஹாரியின் மனைவி.

லெனோர் அதற்கும் மசியவில்லை. பென்சிலால் யாரும் எழுதலாம். அந்தத் தொழிற்சாலையில் அப்போது வேலை செய்த இரண்டு பேரின் கையெழுத்தோடு கடிதம் வேண்டும். ஆர்டிஸ் உடனே போட்டுவிட்டார். அங்கே வேலை செய்தவர்களில் உயிரோடிருக்கும் இன்னொருவர் ஹாரி.

ஆர்டிஸையும் கூட்டிக்கொண்டு போய் டோனட் கடையில் கடிதத்தை நீட்டினோம். ஹாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"'மேற்படி வாசகத்தில் குறிப்பிடப்படும் ஹாரி பெக் நானே.' இந்த வரிய எவன் எழுதினது?"

நான் என் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தாட்சின்னா தெளிவா இருக்கணும் இல்ல" என்றார் வெர்லின்.

"ஆர்டிஸ், என்னடி இது?"

"அன்னிக்கு பாத்ரூம் போக என்னை விட்டியா நீ? வாட்ச்ச பாத்துக்கிட்டு நின்ன."

"அடுத்த வருஷமே என்னைக் கட்டிக்கிட்டியே!"

"ரெண்டும் நல்லா யோசிச்சுத்தான் செஞ்சேன்."

மேசை குலுங்கியது. யாரோ டோனட்டைக் காப்பியில் தவறவிட்டார்.

"'அப்போது'ன்னு ஒரு வார்த்தை சேருங்க, போடறேன்" என்றார் ஹாரி. "அப்போது கழுதை. எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு."

வெர்லின் ஆர்டிஸைப் பார்த்தார்.

"சுவர்ல அப்படி இல்லையே" என்றார் ஆர்டிஸ். "இருக்கறத மாத்தினா அது அத்தாட்சியா?"

ஹாரி பேனாவை வாங்கினார். "ஏன் வெர்லின், இந்த டப்பா வண்டி உள்ள போறது உனக்கு அவ்வளவு முக்கியமா?"

"ஆமா ஹாரி."

கிண்டலுக்கு வாயெடுத்தவர், வெர்லினின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கூடுகையில் நாற்பத்தொரு அம்சங்கள் எழுதிய அட்டையை ஒருவரும் படிக்கவில்லை. ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில், கழற்றியபடியே விட்டிருந்த சுவருக்குத்தான் வரிசை. முதல் நாள் அந்தப் பக்கமே வராத ஹாரி, இரண்டாம் நாள் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான்தான், நான்தான்" என்று போட்டோவுக்கு முகம் காட்டினார். வெர்லின் உள்ளே ஓரமாக ஒதுங்கி, வருபவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் ஒஹாயோக்காரர் ஒருவர் உள்ளேயிருந்து தலையை நீட்டி, "ஃபோர்மேன் சார், இந்த ஐஸ்பெட்டி எத்தனை பவுண்டு ஐஸ் பிடிக்கும்?" என்றார்.

ஹாரி நாற்காலியில் இருந்தபடியே உள்ளே திரும்பினார்.

"எனக்கு எப்படிய்யா தெரியும்? நான் செஞ்சேன், அவ்வளவுதான். அந்தா, ஓரமா நிக்கறானே, அவன்கிட்ட கேளு. இந்த வண்டியப் பத்தித் தெரிஞ்ச ஆளு அவன்தான்."

வெர்லின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஒஹாயோக்காரர் இறங்கி வர நாற்பது நிமிடம் ஆயிற்று.