காலண்டர் பின்னாடி நாப்பது கோடு

போன வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதி நான் ஒரு சபதம் எடுத்தேன். டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ள நாப்பது புத்தகம் படிச்சு முடிக்கணும். போன்ல ஒரு குழுவுல ஆளாளுக்கு அம்பது, நூறுன்னு போட்டுக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படியில்ல. எங்க நைனாவுக்கு அம்பத்தெட்டு வயசுல மறதி ஆரம்பிச்சுது. எனக்கு அப்போ அம்பத்தேழு நடந்துக்கிட்டிருந்துச்சு.

செஞ்சியில எந்தத் தெருவுல நின்னாலும் ராஜகிரி மலை தெரியும். வெளியூர்க்காரங்ககூட அதைப் பார்த்துக்கிட்டே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுவாங்க. நைனா ஒருநாள் கடைத்தெருவுல நின்னு அந்த மலையை அண்ணாந்து பார்த்துட்டு, பக்கத்துல நின்ன என்கிட்ட, "இது எந்த ஊரும்மா?"ன்னு கேட்டார். மகள்னு தெரிஞ்சு கேட்டாரா, யாரோன்னு நெனச்சுக் கேட்டாரா, எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. அந்தக் கேள்வி அன்னியிலேர்ந்து என்னை விடல.

அதனால சபதத்துக்கு நானே ஒரு சட்டமும் வெச்சேன். படிச்ச புத்தகத்தோட பேரை எங்கேயும் எழுதக் கூடாது. எழுதிட்டா அப்புறம் அது இன்னா பரீட்சை? சமையல்கட்டு காலண்டர் பின்னாடி ஒரு கோடு மட்டும் போடுவேன். முடிச்ச அன்னிக்குச் சாயந்திரம் வூட்டுக்காரர்கிட்ட முழுக் கதையையும் ஒப்பிக்கணும். அவர் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். முறத்துல மல்லாட்டையைக் கொட்டி, ஒவ்வொண்ணா உரிச்சு வேர்க்கடலைப் பருப்பை எடுத்துக்கிட்டே கேட்பார். நடுநடுவுல "அப்புறம்?" அவ்ளோதான் பேச்சு. கதை தங்குதடையில்லாம வந்துட்டா, நைனா போன வழி எனக்கில்லன்னு அன்னிக்கு நிம்மதியா தூங்குவேன்.

படிக்கிறது எனக்குப் புதுசும் இல்ல. பத்திரம் எழுதறவர் ஒருத்தர் ஆபீஸ்ல முப்பது வருஷமா வேலை பார்க்கிறேன். பழைய பத்திரத்தையும் புதுசா டைப் அடிச்சதையும் பக்கத்துல வெச்சு, வரி வரியா ஒத்துப் பார்க்கணும். கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த வாய்க்கால்னு எங்கேயாவது இடிச்சா, ஓரத்துல பென்சிலால சின்னதா ஒரு வட்டம் போட்டுடுவேன். பென்சில் எப்பவும் கொண்டையிலதான் சொருகியிருக்கும்.

ஆகஸ்ட் வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. அப்புறம்தான் அந்தக் கிறுக்கன் வந்து சேர்ந்தான். நூலகத்துல எடுத்த நாவல் ஒண்ணுல, எவன் பொய் பேசறானோ அவன் பேச்சுக்குப் பக்கத்துல பென்சில் வட்டம். கொலை பண்ணது யாருன்னு கடைசியில தெரிய வேண்டியது, இருபதாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. அடுத்த மாசம் இன்னொரு புத்தகத்துலயும் அதே வட்டம். இதுல இன்னா எரிச்சல்னா, அவன் சந்தேகப்பட்ட எடத்துல எல்லாம் எனக்கும் சந்தேகம் வந்துச்சு. ஊரான் வூட்டுப் புத்தகத்துல கிறுக்கறவன் கையை ஒடிக்கணும்னு வூட்டுக்காரர்கிட்ட திட்டித் தீர்த்தேன்.  அவர் குனிஞ்சு மல்லாட்டையை உரிச்சுக்கிட்டே இருந்தார்.

அக்டோபர்ல ஆபீஸ்ல ஒண்ணு நடந்துச்சு. நான் பார்த்து முடிச்ச பத்திரத்தை முதலாளி எடுத்து, போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த பொண்ணுகிட்ட குடுத்து, இன்னொரு தடவை பார்த்துடும்மான்னார். என் முன்னாடியே. முப்பது வருஷத்துல அப்படி நடந்ததில்ல. எனக்கு சுருக்குன்னுச்சு. அந்தப் பொண்ணு நாலு எடத்துல வட்டம் போட்டுக் கொண்டாந்து வெச்சுது. அன்னிக்கு நான் மத்தியானச் சாப்பாட்டைத் தொடல.

டிசம்பர் பொறந்தப்போ முப்பத்தேழு கோடு ஆயிருந்துச்சு. மூணுதான் பாக்கி. மழை விட்டு விட்டுப் பேஞ்சுக்கிட்டிருந்த ஒண்ணாம் தேதி சாயந்திரம், முந்தின நாள் முடிச்ச நாவலைத் திருப்பிக் குடுக்க நூலகத்துக்குப் போனேன். அதுலயும் வட்டம். போதும்டா சாமின்னு ஆயிடுச்சு. நூலகத்துல இருந்த அம்மாகிட்ட புத்தகத்தை விரிச்சுக் காட்டினேன். எனக்கு முன்னாடி இதை எடுத்துட்டுப் போனது யாருன்னு சொல்லு, நானே அவன் வூட்டு வாசல்ல நின்னு கேட்டுட்டு வரேன்னு சத்தம் போட்டேன். பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க.

அந்தம்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பினாங்க. அங்க ஒட்டியிருக்கிற சீட்டுல, புத்தகம் வெளிய போன தேதியும் எடுத்தவங்க நம்பரும் இருக்கும். சீட்டைப் பார்த்தாங்க, என் மூஞ்சியைப் பார்த்தாங்க, மறுபடியும் சீட்டைப் பார்த்தாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாங்க.

"இது இந்த ஜனவரியில வந்த புதுப் புத்தகம்மா. ரெண்டு தடவைதான் வெளிய போயிருக்குது, மார்ச்சுல ஒண்ணு, இப்ப ஒண்ணு. ரெண்டும் உங்க நம்பர்தான்."

நீங்க தப்பா எழுதியிருப்பீங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள என் கை தானா கொண்டைக்குப் போச்சு. பென்சில் அங்கதான் இருந்துச்சு. மூணு மாசமா நான் திட்டின கிறுக்கன் நான்தான். மார்ச் மாசம் ஒரு புத்தகத்தை முழுசா படிச்சு, வட்டம் போட்டு, கோடு போட்டு, கதை சொல்லி, அதுல ஒரு வரி, ஒரு ஆளு பேருகூட மறுபடி படிச்சப்போ எனக்கு நெனப்புக்கு வரல.  வெளிய வந்தா மேகம் எறங்கி மலையை மூடியிருந்துச்சு. ராஜகிரி எந்தப் பக்கம்னு ஒரு நிமிஷம் தேடிட்டு, கடை போர்டுகளைப் படிச்சுக்கிட்டே வூட்டுக்கு நடந்தேன்.

வூட்டுக்காரர் முறத்தோட உக்காந்திருந்தார். புடவை நனைஞ்சது நனைஞ்சபடி எதிர்ல உக்காந்து, இந்தக் கதையை ஏற்கெனவே சொல்லியிருக்கேனான்னு கேட்டேன். மார்ச்சுல ஒருதரம், நேத்து ஒருதரம்னார். அப்பவே சொல்றதுக்கு இன்னாங்கன்னு கத்தினேன். இப்படி மொத தடவை ஆனப்போ, கதை புடிச்சுப்போய்த் திரும்பப் படிக்கிறேன்னு நெனச்சாராம். அப்புறம் சொல்ல மனசு வரலையாம். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு.

"இந்த மாதிரி எத்தனை புக்குங்க?"

அவர் கையில இருந்த மல்லாட்டையை உரிக்காம அப்படியே முறத்துல வெச்சார்.

"புக்கு மட்டுமா கேக்குற?"

 விழுப்புரத்துல டாக்டர்கிட்ட ஜனவரி ரெண்டாவது வாரத்துக்குச் சொல்லி வெச்சிருக்கேன்னு அவரே சொன்னார். தீபாவளிக்கு முன்னாடியே விசாரிச்சுட்டாராம். நாப்பது முடியட்டும்னுதான் வாயைத் தெறக்காம இருந்திருக்கார், மனுஷன்.

காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். முப்பத்தேழு கோடும் ஒரே மாதிரி இருந்துச்சு. எது ரெண்டாந்தரம் போட்டதுன்னு தெரியாம எதைன்னு அழிக்கிறது? அவரைக் கேட்டா சொல்லியிருப்பார். கேக்கற தைரியம் இல்ல. மிச்சம் மூணையும் படிச்சேன். புத்தகத்தைத் தெறக்கும்போதெல்லாம் மொதல்ல ஓரத்தைத்தான் பார்த்தேன். வட்டம் இல்லன்னா மனசு கொஞ்சம் எறங்கும். அப்புறம், ஒருவேளை முன்ன படிச்ச அன்னிக்குக் கொண்டையில பென்சில் இல்லாம இருந்திருக்குமோன்னு தோணும்.

முப்பத்தொண்ணாம் தேதி மத்தியானம் நாப்பதாவதை முடிச்சேன். கோடு போட்டுட்டு, சாயந்திரம் டீ குடிச்சு முடிச்சதும் அவர் எதிர்ல உக்காந்து கதையை ஆரம்பிச்சேன். ஒரு எடத்துலயும் தடுமாறல. சொல்லிக்கிட்டே அவர் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தேன். கண்ணுல, புருவத்துல எதாவது தெரியுதான்னு. அவர் மல்லாட்டையை உரிச்சுக்கிட்டே, "அப்புறம்?"னார். மொத தடவையா கேக்குற மாதிரிதான் கேட்டார். எப்பவும் அவர் அப்படித்தான் கேட்பார்.