ஏழாவது நன்றி

இன்று சராசரி மேடத்தைப் பார்த்தேன். எங்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: பதினான்கு வருடமாகப் பொருளாதாரம் நடத்துகிறவர். எதைச் சொன்னாலும் "சராசரியா எவ்வளவு?" என்று கேட்பதால் வந்த பெயர். நான் வரலாறு படித்தவள், அவர் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. ஆனால் மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய முனைவர் பட்ட ஆராய்ச்சிக்காக ஒரு மாதம் தினமும் படிவம் நிரப்பிய நூற்று எண்பது மாணவர்களில் நானும் ஒருத்தி. இன்று என்ன வாங்கினாய், வாங்க வேண்டும் என்று முன்பே நினைத்தாயா, கையில் மீதி இருக்கிறதா. அவ்வளவுதான் படிவம்.

பார்த்தது பைண்டிங் கடையில். என் திட்ட அறிக்கையை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மேடம் எனக்கு முன்னால் நின்றார். கடைக்கார அண்ணன் அவருடைய பென் டிரைவைச் செருகிவிட்டுத் திரும்பினார்.

"மேடம், இதுல ரெண்டு ஃபைல் இருக்கு. ஒண்ணு 'கடைசி', இன்னொண்ணு 'நிஜமான கடைசி'. எதைப் போட?"

மேடம் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு நூத்தி எழுபத்தோரு பக்கம், ஒண்ணு எரநூத்திப் பதினாலு. அட்டை அளவு மாறும், அதான் கேக்குறேன்."

"அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணே," என்று சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த ஐந்து நிமிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அண்ணன் அதற்குள் மூன்று பேருடைய வேலையை முடித்து அனுப்பிவிட்டார்.

நான்தான் வாயைக் கொடுத்தேன். "உங்க படிவம் நானும் எழுதியிருக்கேன் மேடம். வரலாறு. நாங்க எப்படிப் பண்ணியிருந்தோம்?"

"ரொம்ப மோசம்," என்றார்.

"அப்ப பெரிய ஃபைல்ல கூடுதலா இருக்கிற நாப்பத்து மூணு பக்கம் எங்களப் பத்தியா?"

"இல்லம்மா. தையல்."

அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில் பல் கடிக்கும் சத்தம் கேட்டது.

பொருளாதார வகுப்புக்கும் தையல் வகுப்புக்கும் நடுவே ஒரே சுவர். ஆறு வருடங்களுக்கு முன் சான்றிதழ்ப் படிப்புக்காகத் தையல் மிஸ் வந்து சேர்ந்தார். வந்த வாரத்திலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். மேடம் பலகையில் வளைகோடு போடுவார், அங்கே சிரிப்பார்கள். "காஜா எடுக்கறதுல அப்படி என்னம்மா சிரிப்பு இருக்கு?" என்று என்னையே கேட்டார். இடைவேளையில் மேடத்தின் மாணவர்களே பையில் ஜிப் பிய்ந்துவிட்டது என்று அங்கே போய் நிற்பார்கள், வகுப்பு தொடங்கி பத்து நிமிடம் கழித்து வருவார்கள். போதாததற்கு வீட்டில் மகள், பள்ளிப் பாவாடையை மடித்துத் தைக்க உட்கார்ந்த அம்மாவிடம், "அந்த மிஸ்கிட்டயே குடும்மா, நீ தைச்சா கோணிக்கும்," என்று சொல்லிவிட்டாள்.

"பாவாடை கோணும்தான். அது உண்மை. அதனாலதான் ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல," என்றார் மேடம்.

ஆராய்ச்சியின் கேள்வி எளிது. பொருளாதாரம் படித்தால் பணத்தை ஒழுங்காகக் கையாளும் பழக்கம் வருமா? அவருடைய மாணவர்கள் அறுபது பேர், ஒப்பிட்டுப் பார்க்க வரலாற்றில் அறுபது பேர். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாவதாகத் தையல் வகுப்பிலிருந்தும் அறுபது பேரைச் சேர்த்தார்.

"ஏன் மேடம் தையல்?"

கடைக்கார அண்ணன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். "தோக்கட்டும்னுதான். பாதிப் பேரு பத்தாவதோட நின்னுட்டு வந்த பிள்ளைங்க. என் பிள்ளைங்க பக்கத்துல நிறுத்தினா என் பாடத்தோட அருமை பளிச்சுன்னு தெரியும். அவங்க மிஸ்ஸுக்கும் தெரியட்டும்னு வெச்சுக்கோயேன்."

முதலில் இருபது கேள்வி கொண்ட பொருளாதாரத் தேர்வு. மேடத்தின் மாணவர்கள் சராசரியாகப் பதினாறு. நாங்கள் ஒன்பது. தையல் ஐந்து. அன்று மேடம் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனாராம்.

பிறகு ஒரு மாதப் படிவங்கள். மாதக் கடைசி வாரத்தில் கையில் ஏதாவது மீதி வைத்திருந்தவர்கள் பொருளாதாரத்தில் பத்தொன்பது பேர். வரலாற்றில் பதினைந்து. தையலில் நாற்பத்து நான்கு. யோசிக்காமல் வாங்கிய பொருள்களும் அங்கேதான் குறைவு. தையல் பிள்ளைகள் கைக்கு வருவது குறைச்சல், அதனால் செலவும் குறைச்சல் என்று தள்ளிவிடவும் வழியில்லை. அதே அளவு கைக்காசு வரும் பிள்ளைகளாகப் பார்த்துத்தான் மூன்று குழுவையும் சேர்த்திருந்தார்.

மேடம் நான்கு தடவை எண்ணிப் பார்த்தார். படிவங்களைத் தையல் மிஸ்ஸே உட்கார்ந்து எழுதியிருப்பாரோ என்று கையெழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அறுபதும் அறுபது கையெழுத்து.

"நீ ஆராய்ச்சி பண்றியா, அந்தம்மாவ வேவு பாக்குறியா?" என்று கணவர் கேட்டாராம்.

"ரெண்டும்தான்," என்று இவர் சொன்னாராம்.

கடைசியில் அடுத்த அறைக்கே போய்விட்டார். கதவருகே நின்றவரைத் தையல் மிஸ் பார்த்தார்.

"என்ன மேடம், ஜிப்பு போச்சா?"

"இல்ல மிஸ், சும்மாதான் வந்தேன்."

"சும்மா வர்ற ஆளா நீங்க? உக்காருங்க."

அறை முழுக்கக் குறுக்கே கொடி கட்டியிருந்தது. அதில் சுண்ணக்கோடு போட்ட துணிகள், வெட்டாமல், வரிசையாகத் தொங்கின. இது என்ன என்று மேடம் கேட்டார்.

"இன்னிக்குக் கோடு போட்டா இன்னிக்கே கத்திரி வெக்கக் கூடாது மேடம். அது என் வகுப்புச் சட்டம். வெட்டின துணி திரும்ப ஒட்டாதுல்ல. ஒரு ராத்திரி தொங்கட்டும். காலைல வந்து பாத்தா தப்பு தானா கண்ணுல படும்."

பின்சுவரில் ஒரு பழைய பலகை. நீலச் செருப்பு, இயர்போன், தோள்பை, வாட்ச் பட்டை என்று கிறுக்கியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆசைப்பட்டவளின் பெயரில் முதல் எழுத்து. பாதிக்கு மேல் அழிக்கப்பட்டிருந்தது.

"இதுவா? இது அதுங்களா ஆரம்பிச்சது," என்று தையல் மிஸ் சிரித்தார். "ஒருத்தி செருப்பு வாங்கியே ஆகணும்னு குதிச்சா. இன்னொருத்தி, 'இதையும் ஒரு நாள் தொங்க விடேண்டி'ன்னு சொல்லிப் பலகைல எழுதிட்டா. மறுநாள் வந்து பாத்தவ, வேணாம்னு அவளே அழிச்சுட்டா. அன்னிலேருந்து இதே வேலை. சுண்ணக்கட்டி என் செலவு."

"நீங்க பொருளாதாரம் எதாவது படிச்சிருக்கீங்களா?"

"நானா? கணக்குன்னாலே எனக்கு உதறும் மேடம். இஞ்ச் டேப்போட சரி."

இதைச் சொல்லும்போது மேடத்தின் கண் கலங்கியது. "படிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேம்மா. பதினாலு வருஷமா நான் அதைத்தானே நடத்துறேன், ஒண்ண வாங்கினா இன்னொண்ண விடணும்னு. என் பிள்ளைங்க பரீட்சைல அழகா எழுதுவாங்க. எழுதிட்டு நேரா கடைக்குப் போவாங்க."

கொடி, பலகை, படிவம் எல்லாம் சேர்ந்து அந்த நாற்பத்து மூன்று பக்கம் ஆயிற்று. அதில் ஒரு வரியும் எழுதியிருந்தார்: இந்தக் குழு பின்தங்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே ஆய்வாளர் இதைத் தேர்ந்தெடுத்தார். அதைப் படித்த வழிகாட்டிப் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாராம்.

"நீங்களே உங்க தலைல மண்ணைப் போட்டுக்கறீங்கம்மா. தேர்வாளர் இந்த வரிய விடவே மாட்டார். அஞ்சு வருஷ உழைப்பும் திரும்பி வந்துரும். தையல எடுத்துடுங்க. ரெண்டு குழு போதும். பத்தொன்பதுக்கும் பதினஞ்சுக்கும் வித்தியாசம் இருக்கே, பாடம் கொஞ்சமாவது பலன் தருதுன்னு முடிச்சுடலாம். ஒரு அத்தியாயம் கொறையும், பட்டம் கொறையாது."

அப்படிப் பிறந்ததுதான் சின்ன ஃபைல். அதில் தையல் மிஸ் என்று ஒருவர் உலகத்திலேயே இல்லை. "சொல்லக் கூடாது, அதைப் படிக்கவே சொகமா இருந்துச்சு," என்றார் மேடம்.

அண்ணன் இதற்கு மேல் பொறுக்கவில்லை. "மேடம், அட்டைய வெட்டிட்டா மாத்த முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா சொல்லிடுங்க."

மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நேத்து சாயங்காலமே ரெண்டையும் அச்செடுத்து மேசை மேல வெச்சுட்டுப் படுத்தேன். காலைல சின்னதத் தொடவே கை வரல. பெருசுல உக்காந்து எழுத்துப் பிழை திருத்திட்டிருந்தேன். அப்பவே முடிவாயிருச்சு போல, எனக்குத்தான் இப்பத் தெரியுது." எழுந்து இரண்டடி நடந்தவர் நின்றார். "அவங்க வழி எனக்கும் ஒட்டிக்கிச்சு பாரு. அதுதான் இன்னும் எரியுது."

"பெருசு போடுங்கண்ணே. அஞ்சு பிரதி."

என் அறிக்கையில் எனக்கு ஒத்துவராத இரண்டு பதில்களை நான் சத்தமில்லாமல் விட்டிருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே அந்த மனுஷியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அண்ணனிடம் கொடுத்திருந்த என் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நாளை மறுபடி போக வேண்டும்.

அச்சு ஓடிக்கொண்டிருந்தபோது நன்றியுரைப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். வழிகாட்டி, முதல்வர், நூலகர், கணவர், மகள், தட்டச்சு செய்தவர், அதன் பிறகு தையல் மிஸ்.

"ஏழாவது எடமா மேடம்?"

"அதுக்கு மேல ஏத்த என்னால முடியல," என்றார். முகத்தில் துளி சிரிப்பு இல்லை.

கிளம்பும்போது, வாய்மொழித் தேர்வு பொதுவில்தான் நடக்கும், யாரும் வந்து உட்காரலாம் என்றார். "அவங்க காஜா எடுத்தாலே இருபது பேரு சுத்தி நிப்பாங்க. எனக்கு எத்தனை பேரு வர்றாங்கன்னு பாக்கலாம்."

அதனால்தான் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் இதை எழுதுகிறேன். தேதி முடிவானதும் கல்லூரி வாசல் பலகையில் ஒட்டுவார்கள், நானும் இங்கே போடுகிறேன். மேல்மாடிக் கருத்தரங்க அறை. அந்த ஒரு வரிக்காகத் தேர்வாளர் அவரை நிற்க வைத்துக் கேட்கும்போது நாற்காலிகள் காலியாக இருக்கக் கூடாது. படிவம் எழுதிய நூற்று எண்பது பேருக்கும் இது போய்ச் சேரட்டும், உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். தையல் மிஸ்ஸுக்கு மட்டும் இப்போது வேண்டாம். ஏழாவது இடத்தை மேடம் தானே போய்ச் சொல்ல வேண்டுமாம். இன்னும் சொல்லவில்லை, என்னிடம் இரண்டு நாள் கேட்டிருக்கிறார்.