பீளமேட்டிலிருந்து கணபதிக்கு இரண்டு பெட்டி வெல்டிங் கண்ணாடி

வாங்க, எல்லோரும் சௌக்கியந்தானே? பிள்ளைகள், ஆடு மாடு எல்லாம் நன்றாக இருக்கின்றனவா? உங்கள் பக்கம் மழை உண்டா? இங்கே பல்லடம் பக்கம் நாலு நாளாக மூடிக்கொண்டு நிற்கிறது, ஒரு சொட்டு இறங்க மாட்டேன் என்கிறது. சரி, அது கிடக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியை எடுக்கக் கோயமுத்தூர் போகிறேன், எப்படிப் போவது, என்ன கேட்பார்கள் என்று போன வாரம் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். நான் அந்த வேலையாகப் போனது ஒரே ஒரு தடவைதான். தொண்ணூற்றாறாம் வருஷம், ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. அந்தப் பயணத்தைச் சொல்கிறேன். பஸ் கட்டணம் இன்று மாறியிருக்கும். மற்றது மாறியிருக்காது.

போனது எனக்காக இல்லை. என் தங்கை சரசுவின் வீட்டுக்காரர் பழனிச்சாமி கோயமுத்தூர் கணபதியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கேட், ஜன்னல் கம்பி, பம்புசெட்டுக்கு அடிச்சட்டம், இதெல்லாம் செய்வார். அந்தக் காலத்தில் வெல்டிங்காரர்கள் ஒரு கையில் கறுப்புக் கண்ணாடி பதித்த பலகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மறு கையால் பற்றவைப்பார்கள். இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்தால் ஒரு நாளைக்கு இரண்டு கேட் கூடுதலாக முடிக்கலாம் என்பது பழனிச்சாமியின் கணக்கு. துபாயில் இருந்த எங்கள் ஒன்றுவிட்ட தம்பியிடம் மூக்கில் மாட்டுகிற வெல்டிங் கண்ணாடி அனுப்பச் சொன்னார். அவனும் இரண்டு பெட்டி விமானச் சரக்காக அனுப்பிவிட்டான். பெட்டி பீளமேடு விமான நிலையத்துக்கு வந்தது, ஆனால் சுங்கத்தில் நின்றுபோனது.

பழனிச்சாமிக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. கல்யாணத்தன்றே பந்தியில் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டு எழுந்தவர். அதனால்தான் எனக்கு ஆள் அனுப்பினார். "ஆபீசர் என்னமோ வேற சொல்றாருங்களாமா. மச்சான் வந்து பேசினாத்தான் ஆகும்." எனக்கு அதில் பெருமை. அதை ஒளிக்க ஒன்றுமில்லை.

காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் பல்லடம் வந்தேன். சைக்கிள் நிறுத்த ஐம்பது காசு. ஆறே முக்காலுக்குப் பஸ். சிங்காநல்லூருக்கு ஐந்தரை ரூபாய், ஒரு மணி நேரம். சூலூர்க் குளத்தருகே பஸ் நின்றது. ஒரு அம்மா கூடையில் கோழியோடு ஏறினார். கோழிக்கும் டிக்கெட் வேண்டும் என்றார் கண்டக்டர். "அது உக்காரவே இல்லீங்களே, அதுக்கு எதுக்குங்க டிக்கெட்டு?" என்றார் அந்த அம்மா. பஸ்ஸே சிரித்தது, கண்டக்டரும் விட்டுவிட்டார். பேசத் தெரிந்தால் உலகத்தில் எதையும் தாண்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். சிங்காநல்லூரில் பழனிச்சாமி காத்திருந்தார். அங்கிருந்து விமான நிலையம் ஏழெட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் ஆளுக்கு ஒண்ணேகால் ரூபாய், இறங்கிக் கொஞ்சம் நடை.

சரக்குக் கொட்டகை ஒன்பதரைக்குத் திறந்தது. எங்கள் முறை வர பதினொன்று ஆகிவிட்டது. அதிகாரி அமைதியான மனிதர். பெட்டியைப் பிரித்து ஒரு கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"காகிதத்துல வெல்டிங் கண்ணாடின்னு போட்டிருக்கு. இது வெல்டிங் கண்ணாடி இல்லீங்கய்யா, கூலிங் கிளாஸ்" என்றார்.

"கறுப்பாத்தானுங்க இருக்குது?" என்றேன்.

அவர் ஒரு தடித்த புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். இங்கிலீஷ், எனக்குப் படிக்கத் தெரியாது, அவரே சொன்னார். கண்ணில் மாட்டும் கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பாம், தொண்ணூறு சைபர் நான்கு. அதற்குள்ளே வெயிலுக்குப் போடுவது ஒரு வரி, வேலையில் கண்ணைக் காப்பது இன்னொரு வரி. ஒரே வீட்டில் இரண்டு அறை மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். எந்த அறையில் போடுவது என்பதுதான் வழக்கு.

"வெல்டிங் கண்ணாடின்னா எவ்வளவு இருட்டுன்னு ஒரு நம்பர் பொறிச்சிருப்பான். இதுல இல்லை. போட்டுப் பாருங்க" என்று கையில் கொடுத்தார்.

போட்டுப் பார்த்தேன். மேலே ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் அச்சடித்திருந்த எழுத்துகூடத் தெரிந்தது. பழனிச்சாமியின் பட்டறைப் பலகைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ட்யூப் லைட் இருக்கிற இடமே தெரியாது. அது எனக்கு அந்த நிமிஷமே உறைத்தது. ஆனால் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, இதப் போட்டுட்டு வெயில்ல சுத்தறதுக்கு நாங்க என்ன சினிமாக்காரனுங்களா? எங்க மாப்ள மூஞ்சியப் பாருங்க, கூலிங் கிளாஸ் போடற மூஞ்சிங்களா இது?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பழனிச்சாமியும் தலையைக் குனிந்து சிரித்தார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"வேணும்னா ஒண்ணை பரிசோதனைக்கு அனுப்பறேன். பதினஞ்சு நாள் ஆகும். வெல்டிங்குக்கு ஆகும்னு வந்தா அந்த வரியிலேயே போட்டுத் தர்றேன். இல்லைன்னா கூலிங் கிளாஸ்தான். ஆனா ஒண்ணு, இதை மாட்டிக்கிட்டு மட்டும் வெல்டிங் வைக்காதீங்க."

பதினைந்து நாள் கிடந்தால் கொட்டகை வாடகை ஏறும். கூலிங் கிளாஸ் என்றே போடச் சொல்லி, வரியும் அபராதமும் கட்டிப் பெட்டிகளை வெளியே கொண்டுவந்தோம். மணி இரண்டு.

வெளியே பெட்டிக்கடையில் காபி குடித்தோம். பழனிச்சாமி தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அவரு சொன்னது மெய்யா இருந்துபோட்டா?"

"அட போங்க மாப்ள. வரி புடுங்கறதுக்கு ஆயிரஞ் சொல்லுவாங்க. அவரு பேரை மாத்தி எழுதிப்போட்டா சாமானம் மாறிப்போகுமா?"

"இல்லீங்க, கண்ணு சமாச்சாரம்…"

"நான் சொல்றேனுங்க. ஒண்ணும் ஆகாது."

அவ்வளவுதான். அவர் காபியைக் குடித்தார். ஆட்டோ பிடித்து, நாற்பது ரூபாய், மூன்றரைக்குக் கணபதி போய்ச் சேர்ந்தோம். சரசு தலைவாழை இலை போட்டாள். "எங்கண்ணன் போனா நடக்காத காரியமுண்டா?" என்று அப்பளம் இரண்டு வைத்தாள்.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஆளுக்கு நாலைந்து வாங்கிப் போனார்கள். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கண் எரிகிறது, இது ஆகாது என்றார்கள். பழனிச்சாமி மட்டும் கழற்றவில்லை. வெல்டிங்காரனுக்குக் கண் எரிவது புதுசா என்ன? கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும், உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து இமைமேல் வைத்துப் படுத்தால் காலையில் சரியாகிவிடும். எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். சரசு வேண்டாம் என்று சொன்னபோது, "மச்சான் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிப்போட்டாரு அம்மணி" என்றாராம். இதைச் சரசு ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

மாசி மாதம் ஊர் நோன்புத் திருவிழாவுக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் வாசலில் நின்று "வாங்க மாப்ள" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு, "மச்சானுங்களா?" என்றார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

கோயமுத்தூரில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணுக்குள்ளே நடுப்பகுதி வெந்துவிட்டது என்றார் டாக்டர். ஓரம் எல்லாம் தெரியும், நேரே பார்க்கிற இடத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. அது மருந்தால் போகாது, கண்ணாடி போட்டாலும் போகாது. ஒரு ஆளைப் பார்த்தால் காது தெரியும், முடி தெரியும், கட்டியிருக்கிற துணி தெரியும். முகம் இருக்கிற இடத்தில் ஒன்றும் இருக்காது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பழனிச்சாமி ஜன்னலோரம் உட்கார்ந்து, "அந்த ஆபீசரு நல்ல மனுசனுங்க" என்றார். நான் கண்டக்டரிடம் பல்லடத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

இனி, போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது. ஒன்பதரைக்கு முன்பே போய் நில்லுங்கள். அனுப்புகிறவரிடம், பெட்டிக்குள் இருப்பதை உள்ளபடியே காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். வெல்டிங் கண்ணாடி வாங்குவதாக இருந்தால் கண்ணாடியில் இருட்டு நம்பர் பொறித்திருக்கிறதா பாருங்கள். ஆர்க் வெல்டிங்குக்குப் பத்து, பதினொன்று என்று இருக்கும். நம்பர் இல்லாத கண்ணாடியை எவன் சொன்னாலும் மாட்டாதீர்கள். சுங்கக்காரர் ஒரு சாமானுக்கு என்ன பேர் எழுதுகிறார் என்று பாருங்கள். வரிக்காக மட்டும் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு நூறு பெட்டி பிரிக்கிறவர் அவர்.

பட்டறையை விற்றுவிட்டு அவர்கள் எங்கள் ஊருக்கே வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பக்கத்து வீடுதான். தினமும் பொழுது சாய இங்கே வந்து உட்காருவார், நான் கதை சொல்வேன், கேட்டுச் சிரிப்பார். சரசுவுக்கு முடி நரைத்தது தெரியும் அவருக்கு, முகம் எப்படி மாறியது என்று தெரியாது. இத்தனை வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அன்றைக்கு ட்யூப் லைட்டின் எழுத்து எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் பத்துப் பேர் முன்னால் என் பேச்சு தோற்கக்கூடாது என்றுதான் சிரிக்கவைத்தேன் என்று. கேட்கிறவரைக்கும் காத்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார். இதை முடித்ததும் எழுந்துபோய், மாப்ள, அந்தக் காபிக் கடையில நான் உங்ககிட்டச் சொன்னது…

"மச்சானுங்க! வாசல் கேட்டுக்கிட்ட ஆரோ வந்து நிக்கறாங்க. சித்த வந்து, ஆருன்னு பாத்துச் சொல்லுங்க."

"வாரேனுங்க மாப்ள."