முகத்தைத் துடைத்தால் கறி தின்றதாம்!

கிராணி சபாபதியை உங்களில் பலருக்குத் தெரியாது. கொடுத்துவைத்தவர்கள்!

கம்பெனியில் எழுத்து வேலை. மற்ற நேரமெல்லாம் ஊருக்குத் தீர்ப்புச் சொல்வது. போன வாரம் துறைமுகத்துக்குப் பக்கத்தில், தஞ்சோங் பகார் காப்பிக் கடையில் அவரிடமும் அவருடைய இரண்டு சிநேகிதர்களிடமும் மாட்டிக்கொண்டேன்.

எதிரே ராவுத்தரின் சாப்பாட்டுக் கடை. ஆட்டுக்கறிக் குழம்புக்குப் பேர் போனது. துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கும் வீரப்பன் அதற்குள் நுழைந்தான். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். கையில் மஞ்சள் காப்பு... தீமிதிக்கு விரதமிருப்பவன்.

"பாத்தீங்களா? தினமும் இதே கதைதான்" என்றார் கிராணி. "காப்பைக் கட்டிக்கிட்டுக் கறி திங்கிறான்."

"தின்னதைப் பாத்தீங்களா?" என்றேன்.

"கறிக் கடைக்குள்ள வேற எதுக்குங்க போவாங்க? தின்னாம எதுக்கு வாயைத் தொடைக்கிறான்?"

அப்புறம் வண்டி நிற்கவில்லை. தின்றான், ஆகவே விரதம் கெட்டது. கெட்ட விரதத்தோடு தீயில் இறங்கினால் அம்மனுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் பின்னால் வருகிறவர்கள் கால் வெந்துபோகும். ஆகவே இவன் இறங்கவே கூடாது! ஒரு காப்பி ஆறுவதற்குள் பாவம், ஒரு கூலிக்காரன் ஊர்க்காலையெல்லாம் பொசுக்கிவிட்டான்.

ஒவ்வொரு 'ஆகவே'யும் ஒழுங்காகத்தான் இருந்தது. முதலில் போட்ட 'தின்றான்' மட்டும் எங்கிருந்து வந்தது? யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கவில்லை. கடை எதிரிலேயே இருக்கிறது... தெருவைக் கடக்க மூன்று பேரில் ஒருவருக்கும் கால் எழவில்லை.

நானும் சிரித்துவிட்டு எழுந்து வந்தேன். வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கோயிலுக்குப் போனால், பூசாரி முன்னால் வீரப்பன் நிற்கிறான். பக்கத்தில் கிராணி. காப்பை அவிழ்க்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார்.

"அவுக்கச் சொல்லாதீங்க சாமி" என்றான் வீரப்பன். "என் பொஞ்சாதி சொரத்துல கெடந்தப்ப வேண்டிக்கிட்டது. இப்பத்தான் எந்திரிச்சு நடக்கிறா. நான் எறங்கலைன்னா அவளுக்கு என்ன ஆகுமோ..."

"அப்புறம் எதுக்குடா கறிக் கடைக்குப் போன?" என்றார் கிராணி.

"குளிக்கப் போனேங்க."

கிராணி சிரித்தார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறிக் கடையில் குளியலாம்! அவருடைய கணக்கில் அது இல்லை. கணக்கில் இல்லாதது உலகத்திலேயே இருக்க முடியாது, இல்லையா?

ரிக்‌ஷா பிடித்துப் போய் ராவுத்தரை அழைத்து வந்தேன். அவர் கோயில் வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஒடம்பெல்லாம் கரித்தூளோட கோயிலுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டாரு. நம்ம கடைக்குப் பின்னால கெணறு இருக்கு, குளிச்சிட்டுப் போங்கன்னு நாந்தான் சொன்னேன். நம்ம பாத்திரத்தைத் தொட வேணாம்னு புதுக் கொடம் ஒண்ணும் வாங்கி வச்சேன். விரதம்னா என்னான்னு நமக்குத் தெரியாதாங்க? நாமளும் நோன்பு புடிக்கிறவங்கதானே."

பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார். "காப்பு இருக்கட்டும்பா" என்றார். வீரப்பன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

கிராணி? மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? வெற்றிலை போடப் போய்விட்டார். தெரியாமல் பேசுகிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்துகொள்ளவே மாட்டேன் என்று பேசுகிறவனை என்ன செய்வது? இந்த ஊரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தாலும் வரும், இந்த ஜாதி மனிதர்களுக்கு வரவே வராது.

தீமிதி முடிந்தது. வீரப்பன் இறங்கினான், நிதானமாக நடந்தான், கரையேறினான். அவன் மனைவி கூட்டத்தில் நின்று பார்த்தாள். காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. பின்னால் வந்தவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விடுவேனா? கூட்டத்தில் கிராணியைத் தேடிப் பிடித்தேன். "என்னங்க, ஒருத்தர் காலும் வேகலையே?" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எப்படி வேகும்? நாங்க கண்டிச்ச அன்னிக்கே கறியை விட்டிருப்பான்ல!"